இருக்கைக்கு அடியில் ஒரு கட்டுக்கம்பி

இரவு வேலைக்குப் போனதும், டீ குடிப்பதற்கு முன்பே, தரை தேய்க்கிற ட்ரோவல் மெஷினின் இருக்கையைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அங்கே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதிலிருந்து இரண்டு ஒயர் போகும். அந்த ஒயர்களை யாராவது ஒன்றாக முறுக்கி விட்டிருக்கிறார்களா, சுவிட்சை அமுக்கி வைத்துக் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். பல வருஷமாக இது ஒரு நாளும் தவறியதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

நான் கான்கிரீட் தரை போடுகிறவன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மப்பேடு பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி ஷீட் போட்ட பெரிய கிடங்குகள் நிற்கின்றனவே, அவற்றுக்குள் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பரந்து கிடக்கும் தரைதான் என் வேலை. ஒரே இரவில் ஆயிரம் சதுர மீட்டர் போடுவோம். அவ்வளவு பரப்பை மணியாஸ் கட்டையும் கரண்டியும் வைத்துத் தேய்க்க முடியாது. அதற்குத்தான் உட்கார்ந்து ஓட்டுகிற ட்ரோவல் மெஷின். நாங்கள் ரைடு-ஆன் என்போம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பெரிய மின்விசிறிகளைக் கவிழ்த்து அருகருகே தரையில் வைத்து, மேலே ஒரு சட்டம் போட்டு, அதில் இன்ஜினையும் இருக்கையையும் பூட்டினால் எப்படி இருக்கும்? அதுதான். விசிறி இறக்கைக்குப் பதில் எஃகுக் கத்திகள், பக்கத்துக்கு நான்கோ ஐந்தோ. ஒரு பக்கம் வலமாகச் சுற்றினால் மறு பக்கம் இடமாகச் சுற்றும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் ட்ரோவல் மெஷினை ஹெலிகாப்டர் என்றே கூப்பிடுகிறார்கள். சிறிய ரைடு-ஆனில் ஒவ்வொரு வட்டமும் 36 அங்குல விட்டம், எடை சுமார் 300 கிலோ. பெரியதில் 46 அங்குலமும் அதற்கு மேலும் உண்டு, எடை ஒரு டன்னைக்கூடத் தொடும்.

இதில் புது ஆட்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த மெஷினுக்குச் சக்கரம் கிடையாது. பிரேக்கும் கிடையாது. மொத்த எடையும் கத்தியின் மேல்தான் நிற்கிறது, கத்தி நிற்பது இன்னும் முழுசாக இறுகாத கான்கிரீட்டின் மேல்.

அப்படியென்றால் எப்படி நகர்கிறது? இரண்டு கைக்கும் இரண்டு லீவர். லீவரைத் தள்ளினால் கத்தி வட்டம் லேசாகச் சாயும். சாய்ந்த பக்கத்துக் கத்திகள் தரையைக் கூடுதலாக அழுத்தும். அவை தரையை எந்தத் திசையில் தேய்க்கின்றனவோ அதற்கு எதிர்த் திசையில் மெஷின் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு லீவரையும் முன்னே தள்ளினால் முன்னால் போகும், பின்னே இழுத்தால் பின்னால் வரும். ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் பிடித்தால் நின்ற இடத்திலேயே திரும்பும். வலது லீவரைப் பக்கவாட்டில் சாய்த்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். நிறுத்த வேண்டுமென்றால் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் ஒரு துளி கொடுக்க வேண்டும். ஈரத் தளத்தில் மெஷின் உடனே நிற்காது, கொஞ்ச தூரம் சறுக்கிவிட்டுத்தான் நிற்கும். ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு இரண்டடி முன்னாலேயே மனசுக்குள் நின்றுவிட வேண்டும்.

பழகாதவர்கள் பஸ் ஓட்டுகிற மாதிரி லீவரை முழுசாகத் தள்ளுவார்கள். மெஷின் துள்ளும். பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள், இன்னும் துள்ளும். லீவரை விரல்களால்தான் பிடிக்க வேண்டும், உள்ளங்கை இறுகக் கூடாது. கற்றுக்கொடுக்கும்போது, முதலில் பழைய இறுகின தரையில் தண்ணீர் தெளித்து, கத்திக்கு அடியில் வட்டத் தட்டு மாட்டி, ஒரு நாள் முழுக்க எட்டு போட வைப்பேன். டூவீலர் லைசென்ஸுக்குப் போடுகிற அதே எட்டுதான்.

எங்கள் அப்பா கொத்தனார். அரியலூர் பக்கம். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும்தான். அப்பா சிமெண்ட் தரை போட்டால், காவி கலந்து தேய்ப்பதற்கு முன் குத்த வைத்து உட்கார்ந்து கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். விரல் பதிகிற ஆழத்தைப் பார்த்து "இன்னும் ஒரு பீடி நேரம்" என்பார், அல்லது எதுவும் சொல்லாமல் கரண்டியை எடுப்பார். அவர் விரலால் பார்த்ததை நான் பூட்ஸால் பார்க்கிறேன். தட்டையான அடியுள்ள பூட்ஸ் போட்டுத் தளத்தில் ஏறி நின்றால், பின்னால் நடந்து ஓட்டுகிற சிறிய ட்ரோவல் மெஷினுக்குக் கால் தடம் 6 மில்லிமீட்டர் வரை பதியலாம். ரைடு-ஆனுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் பதியக் கூடாது. அதற்கு மேல் பதிந்தால் மெஷின் ஏறும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

ஒரே இடத்தில் மட்டும் கால் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மாலை நாலு மணி வெயிலில் கிழக்குப் பக்கம் போட ஆரம்பித்து, எட்டு மணிக்கு மேற்குப் பக்கம் முடித்திருப்போம். இரண்டுக்கும் வயசு வேறு. கதவோரம் காற்றடிக்கிற இடம் சீக்கிரம் இறுகும், தூண் நிழலில் கிடக்கிற இடம் பின்தங்கும். சித்திரை, வைகாசியில் இன்னொரு தொல்லை உண்டு. வெயிலும் காற்றும் மேல்தோலை மட்டும் காய வைத்துவிடும், உள்ளே கூழாகவே இருக்கும். ஆடை படிந்த பால் மாதிரி. கால் வைத்தால் தாங்கும், டன் எடையுள்ள மெஷின் ஏறினால் ஆடை கிழியும். ஒரு பக்கத்து வட்டம் மட்டும் உள்ளே அழுந்தி, மெஷின் சாய்ந்து, கத்தி ஜல்லியைக் கிளறி எடுத்துவிடும். ஓட்டுகிறவர் பதறி எழுந்திருப்பார். அந்த மாதிரி நேரத்தில் எழுந்திருக்கவே கூடாது. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, லீவரை நடுவில் வைத்து, கத்தி நின்ற பிறகுதான் இறங்க வேண்டும்.

மேலே தண்ணீர் கசிந்து பளபளவென்று நிற்கும்போது ஏறுவதும் தப்பு. அந்த நீர் தானாக வற்ற வேண்டும், அல்லது ரப்பர் வைத்து இழுத்து எடுக்க வேண்டும். அதை உள்ளேயே பூட்டித் தேய்த்தால் சில மாதத்தில் மேல் தோல் தகடு தகடாகப் பெயரும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. தரை முந்திக்கொண்டு இறுகிவிட்டால் வாளியில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார்கள். பார்க்க வழுவழுப்பாக வரும், பிறகு ஆயுசு முழுக்கத் தூசி கக்கும்.

தரையில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கிடங்கில் குறுகிய சந்துக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 9 மீட்டர் உயரத்துக்குச் சரக்கைத் தூக்குகிறது. இடது சக்கரத்துக்குக் கீழே தரை 1 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், உச்சியில் சரக்கு 6 மில்லிமீட்டர் சாயும். 5 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 30. தரை எவ்வளவு சமம் என்பதை அளந்து எண் போடுகிறார்கள், அந்த எண் வராவிட்டால் தரையை ஏற்க மாட்டார்கள். அந்த நெருக்கடிதான் விடிகாலை மூன்று மணிக்கு ஓட்டுகிறவரின் காலை ஆக்சிலேட்டரில் இன்னும் கொஞ்சம் அழுத்த வைக்கிறது. ஆபத்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

வேலையின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றுக்குக் கத்திக்கு அடியில் பெரிய வட்டத் தட்டு மாட்டுவோம். தட்டு எடையைப் பரப்பிவிடும், மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பும், சிமெண்ட் பாலை மேலே கொண்டுவரும். தரை இறுகியதும் தட்டைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் படுக்கையாக வைத்து ஓட்டுவோம். இறுக இறுகக் கத்தியின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். சாய்வு ஏற ஏறத் தரையில் படும் பரப்பு குறையும், அழுத்தம் கூடும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை நெடுக்காக என்றால் அடுத்த தடவை குறுக்காக. ஒரே இடத்தில் நின்று சுற்றினால் குழி விழும். கடைசிச் சுற்றில் தரை கறுத்துப் பளபளக்கும், கத்தி படும்போது கணீர் என்று ஒரு உலோகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தரை முடிந்தது.

அந்தக் கடைசிச் சுற்றில் கத்தி எவ்வளவு வேகமாகப் போகிறது தெரியுமா? 46 அங்குல வட்டம் நிமிடத்துக்கு 130 சுற்று என்றால், கத்தி நுனி வினாடிக்குக் கிட்டத்தட்ட 8 மீட்டர் போகிறது. மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல். ஒரு டி.வி.எஸ். 50 போகிற வேகம். மெஷின் மொத்தமும் நகர்வது ஆள் நடக்கிற வேகத்தில்தான் என்பதால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் மெதுவாக நடப்பது போலத் தோன்றும். இருக்கையில் இருப்பவருக்கோ நாற்காலியில் உட்கார்ந்த சுகம். ஆக இரண்டு பேருக்கும் பயம் வராது. சுற்றிலும் இருக்கிற காப்பு வளையம் ஒன்றுதான் காலுக்கும் கத்திக்கும் நடுவே நிற்கிறது. அந்த வளையத்தின் மேல் கால் வைத்து ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வளையத்தில் ஒரு போல்ட் கழன்று ஆடினாலும் அன்றைக்கு மெஷினை எடுக்க விடமாட்டேன்.

சரி, கட்டுக்கம்பிக்கு வருகிறேன்.

2017. மழைக்காலம் முடிந்த சமயம். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கு. அன்று இரவுப் பொறுப்பு எனக்கு. சாயங்காலம் மெஷினை ஹைட்ரா கிரேனில் இறக்கும்போதே இருக்கைக்கு அடியில் சுவிட்சை அமுக்கிக் கட்டுக்கம்பி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அந்தச் சுவிட்ச் இருப்பதே, ஆள் இருக்கையை விட்டு எழுந்தால் இன்ஜினை அணைப்பதற்குத்தான். என்னண்ணே இது என்று கேட்டேன். "லேசா உடம்பு எழும்பினாலே ஆஃப் ஆகுதுப்பா, ராத்திரி பூரா ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்க முடியுமா?" என்றார் ஓட்டுகிற அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கை தேர்ந்தவர். அவர் ஓட்டின தரையில் முகம் பார்க்கலாம். சரி, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இரவு ஒரு மணி இருக்கும். தூண் ஓரங்களில் ரைடு-ஆன் போக முடியாது, கையால்தான் தேய்க்க வேண்டும். ஒரு தூணருகே ஒடிசாக்காரத் தம்பி ஒருவன் இரண்டு பலகை போட்டு அதில் மண்டியிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எஃகுக் கரண்டியால் இழுத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. ஏழெட்டுத் தப்படி தள்ளி மெஷின். தளத்தில் ஏதோ மரச்சிம்பு கிடந்ததைப் பார்த்த அண்ணன் மெஷினை நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, அதைப் பொறுக்க இறங்கினார்.

காலை எடுத்தால் இன்ஜின் தணிய வேண்டும். இன்ஜின் தணிந்தால் கிளட்ச் விட்டு, கத்தி நிற்க வேண்டும். அன்று கத்தி நிற்கவில்லை. முந்தின வேலையில் தெறித்த சிமெண்ட் பால் ஆக்சிலேட்டர் கேபிளின் உறைக்குள் புகுந்து காய்ந்திருக்கிறது. கால் மேலே வந்தது, கேபிள் பாதியில் பிடித்துக்கொண்டது. கத்தி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் எடை இருக்கையை விட்டு இறங்கியதும் சமநிலை மாறியது. ஆளில்லாத மெஷின் தானாகத் தூணைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

வேகமாகக்கூட இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே கத்தினோம். தமிழில் கத்தினோம், இந்தியில் கத்தினோம், "ருகோ, ஹட் ஜாவ்" என்று எது வாயில் வந்ததோ அதைக் கத்தினோம். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஈரத் தளத்தில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். அவர் சாவியை எட்டித் திருப்புவதற்குள் காப்பு வளையம் அந்தத் தம்பியின் இடது கணுக்காலைத் தூணோடு சேர்த்து அழுத்திவிட்டது.

வளையம் வளையவில்லை. அதனால் கத்தி அவன் மேல் படவில்லை. கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து தகடு வைத்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது பத்துப் பேருடைய காலடி அந்தத் தளம் முழுக்கப் பதிந்தது. யாருக்கும் அப்போது தளம் கண்ணில் படவில்லை. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஊரில் அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் பாய் என்று மட்டும் சொன்னான். நடக்க ஐந்து மாதம் ஆனது. ஊருக்குப் போனவன் இந்த வேலைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் இருக்கையைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் இருந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. உடம்பு லேசாக எழும்பினாலே இன்ஜின் அணைந்ததற்கு அதுதான் காரணம். ஸ்பிரிங்கும் சுவிட்சும் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பி இல்லாமல் இருந்தால் அண்ணன் எழுந்த கணமே இன்ஜின் அணைந்திருக்கும். கேபிள் கழுவியிருந்தால், கம்பி இருந்தும் கத்தி நின்றிருக்கும். நான் சாயங்காலம் அரை மணி நேரம் வேலையை நிறுத்தியிருந்தால் இரண்டுமே சரியாகியிருக்கும். அண்ணன் மேல் நான் பழி போடவில்லை. பார்த்தவன் நான். பொறுப்பில் இருந்தவனும் நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் சில விஷயங்கள் மாறின. சுவிட்சில் கை வைத்தவர் யாரானாலும் அன்றைக்கு அவர் மெஷினில் ஏறக் கூடாது. ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டால் கேபிள் டக்கென்று திரும்ப வேண்டும். வேலை தொடங்கும் முன் ஐந்து தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். தூண் ஓரம் கையால் தேய்க்கிறவர் மெஷினுக்கு முகம் காட்டித்தான் உட்கார வேண்டும், மெஷின் அடுத்த கட்டத்துக்குப் போன பிறகே அவர் அங்கே போக வேண்டும். பிறகு, சத்தம் போட்டுக் கூப்பிடுவதை விட்டோம். எங்கள் கூட்டத்தில் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் உண்டு. இன்ஜின் ஓடும்போது எந்த மொழியும் கேட்காது. ஆகவே ஒருவர் தள ஓரத்தில் சிவப்பு டார்ச்சோடு நிற்பார். சிவப்பு மேலே போனால் காலை எடு, லீவரை நடுவில் வை. ஏன் எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்த டார்ச் பிடிப்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுப்பதில்லை. ஒரு ஆள் கூலி தண்டம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நான் விட்டுக்கொடுத்ததில்லை.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையை உள்ளங்கை மாதிரி தெரிந்துகொண்டு ஏற வேண்டும் என்பேன். மாடித் தளமாக இருந்தால் விளிம்பு, குழி, லிஃப்ட் ஓட்டை. கீழ்த் தளமாக இருந்தால் அடுத்த நாள் வார்ப்புக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சேனல், வடிகால் மூடி, தரையிலிருந்து முளைத்து நிற்கும் போல்ட், மின் குழாய். வினாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் வரும் கத்தி ஒரு கம்பி முனையில் மாட்டினால் கத்தி வளையும், அல்லது துண்டு பறக்கும், மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கித் திசை மாறும். வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்து எல்லாவற்றுக்கும் சிவப்பு நாடா கட்டுவோம். விளிம்பிலிருந்து ஒரு வட்டத்தின் அகலத்துக்கு உள்ளே ரைடு-ஆன் வராது, அது சிறிய மெஷினுக்கும் கைக்கும் உள்ள இடம். பின்னால் போகும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு அடிகூடப் போகக் கூடாது.

இன்னொரு ஆபத்துக்குச் சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு தடவை, சாரல் ஈரத் தளத்தில் அடிக்காமல் இருக்கக் கிடங்கின் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு இரண்டு பெட்ரோல் மெஷின் ஓட்டினோம். இரண்டு மணி சுமாருக்கு ஒருவன் தலை வலிக்கிறது என்றான். அப்புறம் இன்னொருவன். சாப்பிடாமல் வந்திருப்பான் என்று நினைத்தேன். மூன்றாவது ஆள் வாந்தி எடுத்தபோதுதான் உறைத்தது. இன்ஜினை அணைத்து, ஷட்டரைத் திறந்து, எல்லாரையும் மழையில் வெளியே நிறுத்தினேன். கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்காரும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். களைப்பு, தலைவலி, குமட்டல் என்று இரவு வேலைக்காரனுக்குத் தினமும் வருவது மாதிரியேதான் வரும். அதனால்தான் ஏமாற்றிவிடும். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு, என்று சட்ட வரம்பு வைத்திருக்கிறார்கள். இப்போது சட்டைப் பையில் மாட்டுகிற ஒரு கருவி வைத்திருக்கிறேன், அளவு ஏறினால் கூவும். அன்றைக்கு அந்தத் தளத்தின் ஒரு மூலை சாரலில் கெட்டுப்போனது. அதை உடைத்துத் திரும்பப் போட்டோம். அவ்வளவுதான்.

வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துபாய் ஞாபகம் வரும். ஜெபல் அலியில் சில வருஷம் இதே வேலை பார்த்தேன், இந்த மெஷினில் முதலில் உட்கார்ந்ததும் அங்கேதான். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இங்கே நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு என்றாலும் சிமெண்ட் இறுகும்போது சூடு கக்கும், மேலே இன்ஜின் சூடு வேறு. மோரும் உப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவேன். தரை இறுகுகிற நேரம் மனிதனின் தூக்க நேரத்தைப் பார்த்து வருவதில்லை, ஆகவே இரண்டு ஓட்டுநர் இல்லாமல் நான் கான்கிரீட் லாரிக்கு ஃபோனே போடுவதில்லை.

ஈர சிமெண்ட் தோலைத் தின்னும். முழங்கால் நனைந்தால் முதலில் வலிக்காது, அரிக்கக்கூடச் செய்யாது. மறுநாள் காலையில்தான் தோல் உரிந்திருப்பது தெரியும். பூட்ஸுக்குள் பால் போனால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும், வேலை முடியட்டும் என்று இருக்கக் கூடாது. காதுக்கு அடைப்பானும் வேண்டும். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கையில் பத்து விரலும் வெடித்துக் கிடந்தன. சாதம் பிசைந்தால் எரிகிறது என்று ஸ்பூன் கேட்பார். அவர் கையுறை என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை.

மெஷினைத் தூக்கி இறக்கும்போது தூக்குவதற்கென்று வைத்த கொக்கியில்தான் பெல்ட் மாட்ட வேண்டும். வளையத்தில் மாட்டினால் வளைந்துபோகும். தட்டு மாட்டியபடி தூக்கவே கூடாது, தட்டு நழுவிக் கீழே நிற்பவர் தலையில் விழும். கத்தி மாற்றும்போது சாவியை எடுத்துப் பையில் போட்டு, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட வேண்டும். தேய்ந்த கத்தியின் விளிம்பு அருவாளுக்குச் சமம், வெறும் கையால் தொட்டவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஊற்றுவது இன்ஜின் ஆறிய பிறகு, தளத்துக்கு வெளியே.

இப்போது எங்களிடம் ஒரு பையன் வந்திருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கம்தான். பாலிடெக்னிக் முடித்தவன், கை நிதானமானவன். எட்டு போடுவதில் தேறி, போன மாதம் முதல் தடவை நிஜத் தளத்தில் கடைசிச் சுற்று ஓட்டினான். நான் டார்ச் பிடித்து ஓரத்தில் நின்றேன். விடிகிற நேரம். தரை கறுத்து வந்தது, கணீர் என்று அந்தச் சத்தமும் வந்தது. கதவை நோக்கிப் பின்னாலேயே வந்து, ஒரு காலடித் தடமும் இல்லாமல் தளத்தை விட்டு வெளியே பலகையில் ஏறி நின்றான். சந்தோஷத்தில் இருக்கையிலிருந்து பாதி எழுந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். சட்டென்று இன்ஜின் அணைந்தது.

முகம் மாறிவிட்டது. "அண்ணே, ஏதோ ஆயிடுச்சுண்ணே, ஆஃப் ஆயிடுச்சு."

"ஒண்ணும் ஆகலப்பா. நீ எழுந்த, அதான். எறங்கி வா, கழுவணும்."

ஹோஸைப் பிடித்துக்கொண்டு இருவரும் மெஷினுக்கு அடியில் குனிந்தோம். கேபிள் உறையின் வாயில் சிமெண்ட் பால் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. இன்னும் ஈரம்தான். அவன் துணியால் துடைத்தான். பிறகு ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தி விட்டான். டக்கென்று திரும்பியது. இன்னும் நாலு தடவை அழுத்தினான், நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.